‘பேச்சு இயல்பு’ என்று எழுதிய தாள்

அலமாரியை ஒழிக்கும்போது பழைய டேப் ரெக்கார்டர் பெட்டியிலிருந்து பஸ் டிக்கெட்டுகள் உதிர்ந்தன. யாரும் பயணம் போகாத டிக்கெட்டுகள். என் மேசைமேல் நீங்கள் கிழித்துப் போட்டவை. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது, அண்ணே. நீங்கள் அவற்றைக் கிழித்த அந்தப் பகல் இன்றும் கண்முன் நிற்கிறது.

சிதம்பரம் மருத்துவமனையின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவில் நான் சேர்ந்து அப்போது மூன்று மாதம். நீங்கள் கடலூர் – சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர். பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். கை நடுக்கத்தை டிப்போ மேலாளர் ஒப்புக்கொண்டார். நாக்குக் குளறுவதை ஒப்புக்கொள்ளவில்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்ததாக மெமோ. அதிகாரிக்குக் குளறினால் உடம்பு சரியில்லை. கண்டக்டருக்குக் குளறினால் சாராயம். பேச்சையும் அதே நோய்தான் பிடித்திருக்கிறது என்று என் தாள் சொல்லாவிட்டால் உங்கள் வேலை போய்விடும்.

நீங்களோ பரீட்சைக்கு வருவதுபோல வந்தீர்கள். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. ‘ஆ’ என்று மூச்சு முட்டும்வரை இழுத்தீர்கள். போதாது என்று இன்னொரு தபா கேட்டு வாங்கி, முதல் தடவையைவிட நீளமாக இழுத்தீர்கள். வாசிக்கக் கொடுத்த பத்தியை, டேப் ரெக்கார்டர் ஓட, எழுந்து நின்று வாசித்தீர்கள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ‘பேச்சு இயல்பு’ என்று எழுதினேன்.

“பாஸா பாப்பா?” என்றீர்கள்.

கூட வந்திருந்த உங்கள் டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். “யோவ் மச்சான், நீ பாஸானா குடிச்சது நெஜம்னு ஆயிடும்யா. பஸ்ல நீ ஆலப்பாக்கம்னு சொல்றது எனக்கே கேக்கல. இங்க வந்து மைக்க முழுங்கினமாரி பேசற.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையைச் சும்மா மடியில் போட்டுக்கொண்டு, கவனம் முழுவதையும் குரலுக்கே கொடுத்த ஒரு மனிதரை நான் அளந்திருக்கிறேன். ஓடுகிற பஸ்ஸில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

கட்டணம் மாறிச் செல்லாமல் போன ஒரு டிக்கெட் கட்டு உங்கள் பையில் இருந்தது. விரல் மரத்துப்போகாமலிருக்க வீட்டில் கிழித்துப் பழகுவதற்காக வைத்திருந்தீர்கள். நின்றுகொண்டு கிழியுங்கள், கிழித்துக்கொண்டே நிறுத்தங்களைக் கூவுங்கள் என்றேன். ஆலப்பாக்கம் கணீரென்று வந்தது. புதுச்சத்திரத்தில் குரல் இறங்கியது. பி.முட்லூருக்கு வரும்போது சொல்மேல் சொல் ஏறி, உதடு மட்டும் அசைந்தது. நான் கை தட்டிவிட்டேன். உங்கள் குரல் விழ விழ எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்த வெட்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

“நல்லாத்தான சொன்னேன்?” என்று கேட்டீர்கள். உங்களுக்குத் தெரியவே இல்லை. நீங்கள் கூவியதைப் பதிந்திருந்த டேப்பைப் போட்டேன். குனிந்து கேட்டீர்கள்.

“இது நானா பாப்பா?”

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். மேலாளர் இரண்டு பதிவுகளையும் கேட்டார். ஒரு வரியில் மெமோ ரத்தானது. மன்னிப்பு என்று ஒரு சொல் கிடையாது. நான் வெகுநாள் கொதித்துக்கொண்டிருந்தேன். உங்களைக் கடலூர் பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். அடுத்த முறை வந்தபோது, தேய்ந்த குரலில், “எல்லாரும் பாஸாயி வேலைக்குப் போறாங்க. நான் ஃபெயிலாயி வேலையில இருக்கேன்” என்று நீங்கள்தான் சிரித்தீர்கள்.

நேற்று கம்மாபுரத்திலிருந்து ஒரு பூக்காரம்மா மகளோடு வந்தார். என் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து கணீரென்று பேசினார். பேச்சில் குறையே இல்லையே என்றாள் என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண். நான் பேனாவைத் திறக்கவில்லை. வாசலில் போய் உதிரிப்பூவும் நாரும் வாங்கிவரச் சொன்னேன். கட்டிக்கொண்டே வீட்டுக் கதையைச் சொல்லுங்கள் என்றேன் அந்த அம்மாவிடம். மூன்றாவது முடிச்சில் குரல் கரைந்தது. அவர் மட்டும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வீட்ல இப்படித்தாங்க்கா. நாங்க சொன்னா யாரும் நம்பல.”

நான் எழுத ஆரம்பித்தேன், அண்ணே.