அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தோம்

மண்ணூர்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

மதிவதனி எழுதுகிறேன். அத்தையும் பாப்பாவும் சுகம். குஜராத்துச் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா? போனில் சுவர் பேச்சை எடுத்தாலே, "கம்பெனி லைன்ல வேலைக்குக் கூப்புடுறாங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். பாதியில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

பொங்கலுக்கு வந்தபோது படுக்கையறை விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே பஸ் ஏறினீர்கள். "மேஸ்திரிய நம்பாம தானே நின்னு கட்டினான், இப்ப பாரு" என்று அத்தை சொன்னது உங்கள் காதில் விழுந்ததை நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு நீங்கள் லீவே போடவில்லை.

விரிசல் பெரிதாகி, அறைக்கதவு சாத்த முடியாமல் போயிற்று. பாப்பா அங்கே படுக்க மாட்டேன் என்று அழுதாள். என்னோடு பள்ளியில் படித்த அறிவுமதி இப்போது படப்பையில் இன்ஜினியராக இருக்கிறாள். அவளை வரச்சொன்னேன். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவிட்டு, சுவர் அசைந்தால் அவை உடையும் என்றாள். வெயில் காலம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் பெய்த பெருமழைக்கு மறுநாள், பக்கத்து மனைக்காரர் தசரதனின் பக்கமுள்ள சுவரில் மட்டும் கண்ணாடி உடைந்திருந்தது.

அந்த இடத்தில் அஸ்திவாரம் வரை தோண்டச் சொன்னாள். உங்கள் வேலையில் குறை என்று வந்துவிட்டால் அதை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? குழிக்குள் இறங்கி, அளந்து, தட்டிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "ஃபவுண்டேஷன்ல ஒரு குறையும் இல்ல மதி. அடியில களிமண்ணு ஊறிப்போய் எறங்கியிருக்கு."

தசரதன் வாடகை ரூம் கட்டுவதற்காக மண் கொட்டி மனையை உயர்த்தினாரே, அதில் பழைய வாய்க்கால் மூடிப்போயிற்று. மழைத் தண்ணீரெல்லாம் நம் சுவரடிக்கு வந்திருக்கிறது. கேட்டதற்கு, "என் எடத்துல நான் மண்ணு கொட்டிக்கினேன், உனக்கு இன்னா?" என்று கத்தினார். அறிவுமதி சண்டை போடவில்லை. குழிக்கு அழைத்து வந்து, அவர் மனைப் பக்கமிருந்து தண்ணீர் கசிவதைக் காட்டினாள். வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இப்டியே வுட்டா நாளைக்கு என் ரூமும் எறங்கிடும்மா" என்றார். அந்த வாரமே வாய்க்காலைத் திறந்துவிட்டார். பிறகும் மழை பெய்தது. புதிதாக ஒட்டிய கண்ணாடி உடையவில்லை. ஐப்பசி மழையையும் பார்த்துவிட்டு விரிசலை அடைக்கலாமாம். வீட்டில் இருக்கப் பயமில்லை என்றும் சொல்லிவிட்டாள்.

அத்தை குழியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். சாயங்காலம் பால் ஊற்ற வந்தவரிடம், "எம்புள்ள ரகு கட்டின வூடு, கல்லாட்டம் கீது" என்றார். பிறகு உள்ளே வந்து, "நான் சொன்னத மனசுல வச்சிக்கினுதான் வர மாட்றானா?" என்று என்னிடம் கேட்டார்.

அஸ்திவாரத்தை நீங்களே தோண்டிப் பார்த்திருந்தால்கூட என் அளவுக்குச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டீர்கள். அவ்வளவு பேர் முன்னால் நான் அழுதுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.டி. பார்த்தது போதும். விரிசலை அடைக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று அறிவுமதி சொன்னாள். இல்லை, அவள் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன். வாருங்கள்.

உங்கள்
மதிவதனி