ஊசியை நிறுத்திய வருடம்

மார்ச் 4

குழந்தைக்காக இரண்டு வருடமாக எனக்குத்தான் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை. இன்றுதான் அவருடைய முதல் பரிசோதனை முடிவு. விந்தணு ஒன்றுகூட இல்லையாம். என் புருஷன் ஜிம் மாஸ்டர். கடையில் விற்கும் எந்தச் சட்டையும் தோளில் ஏறாத உடம்பு. அவருக்கா?

டாக்டரம்மா கேட்டார்: "உடம்பு ஏத்த ஸ்டீராய்டு ஊசி ஏதாவது போடுறீங்களா?"

இவர் கூரையைப் பார்த்தார். "ஆமா மேடம். குழந்தை தள்ளிப்போகுதேன்னு போன வருஷம் அளவை ரெண்டு மடங்காக்கினேன். ஆம்பளை ஹார்மோன்தானே, கூடப் போட்டா சீக்கிரம் கரு நிக்கும்னு..."

அட மக்கு! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மார்ச் 5

டாக்டர் சொன்னது: வெளியிலிருந்து ஹார்மோனைக் கொட்டினால், போதுமான அளவு இருக்கிறது என்று நினைத்து, விரைக்குக் கட்டளை அனுப்புவதை மூளை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு உண்டாகாது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். மாதக்கணக்காகும். உறுதி இல்லை.

மார்ச் 9

மாமியார் வந்தார். வழக்கம்போல என் வயிற்றைப் பார்த்துப் பெருமூச்சு. "இவளுக்கு இன்னும் எத்தனை டாக்டர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "குறை என்கிட்ட. இனிமே அவளைக் கேக்காதம்மா" என்றார்.

எத்தனை நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருப்பேன்! இந்த ஒரு பேச்சுக்காக இவருடைய எல்லா மடத்தனத்தையும் மன்னிக்கலாம்.

மே 17

ஊசியை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. இவருக்குச் சோர்வு, எரிச்சல். ஆசையே இல்லை என்கிறார். கை இளைத்துவிட்டது, ஜிம்மில் யாரோ கேலி செய்தார்களாம்.

"உங்க கையையா கட்டிக்கிட்டேன்?" என்றேன். சிரிக்கவில்லை. திரும்பவும் போட்டுவிடுவாரோ? பயமா இருக்கு.

மே 18

மீதமிருந்த மருந்தையெல்லாம் அவரே என் கையில் கொடுத்தார். "நேத்து போட்டுடலாம்னு எடுத்துட்டேன்டி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

கடவுளே, நன்றி. கேட்காமலே கொடுத்தாரே!

ஆகஸ்ட் 2

இன்னும் பூஜ்யம். எழுத ஒன்றும் தோன்றவில்லை.

நவம்பர் 21

நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்கு ஃபிரேம் பொருத்திக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பின்னால் ஜிம்மின் இரும்புச் சத்தம்.

"வந்துருச்சுடி! கம்மிதான், ஆனா வந்துருச்சு! விந்தணு!"

"ஐயோ, மெதுவா! அங்க எல்லாருக்கும் கேக்கும்!"

"கேக்கட்டும். ஜிம் பசங்ககிட்ட எப்பவோ சொல்லிட்டேன். ஊசியாலதான் போச்சுன்னும் சொல்லிட்டேன்."

பெரியவரின் ஒரு காதில் கண்ணாடி தொங்க, அவர் முன்னாலேயே நின்று அழுதேன். பாவம், ஃபிரேம் பொருந்தாததற்கு நான் அழுகிறேன் என்று நினைத்து, "வேற காட்டும்மா, பரவாயில்ல" என்றார்.