சோடாத் தட்டில் உறங்கும் மரம்

மாங்குளம்
10.12.2023

அன்பின் ரூபிக்கு,

நான் சுகம். உன் மரமும் சுகம். சுகமில்லாதது என் கடைதான். சோடா பிரிட்ஜின் கீழ்த்தட்டை உன் மேப்பிள் போன்சாய் பிடித்துக்கொண்டதால், சோடாப் போத்தல்கள் வெளியே நின்று வியர்க்கின்றன.

எங்காவது குளிரில் வை என்று நீ சொன்னபடியே, இலையெல்லாம் கொட்டிய பிறகு பிரிட்ஜுக்குள் வைத்தேன். மண் காய்ந்தால் ஒரு கரண்டி தண்ணீர், அவ்வளவுதான். நேற்று பஸ் கொண்டக்டர் ஒருவர் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு, "அக்கா, அந்த விறகு என்ன விலை?" என்றார். "அது நோர்வேக்காரி. நித்திரையில இருக்கிறா, சத்தம் போடாதையுங்கோ" என்றேன். "குடுத்து வைச்சவா" என்று சொல்லி, சூட்டுச் சோடாவைக் குடித்து முகத்தைச் சுழித்தார்.

நிரந்தரமாய் ஊருக்கு வந்துவிட்டேன் என்று அந்த மரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்திறங்கியவள் நீ. மகளின் பிள்ளைப்பேறு என்று திரும்பிப் போகும்போது பஸ்ஸடியில் என்ன சொன்னாய்? "இது உறங்கி எழும்பித் துளிர்த்துதெண்டா நானும் இஞ்ச இருப்பன் ஞானேஸ். பங்குனியில வாறன்." நான் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டேன். உன் வீட்டு முற்றத்தை நாள்தோறும் கூட்டுகிறேன்.

போனில் நான் உன்னைக் கதைக்கவே விடுவதில்லை என்றாய். அதனால் கடிதமே எழுதுகிறேன். இதில் நீ குறுக்கே வர முடியாது, அதுவும் எனக்கு வசதிதான்.

உன் மரத்தின் தாதி,
ஞானேஸ்வரி

ஒஸ்லோ
04.01.2024

அன்பின் ஞானேஸ்,

பேரன் பிறந்துவிட்டான். மகளும் சுகம். வெளியே முழங்கால் வரை பனி.

மரம் மாசி முடியும்வரை உறங்கட்டும். மொட்டையாய் நிற்கிறதே என்று பாவம் பார்த்து வெளியே எடுத்துவிடாதே. இடையில் சூடு பட்டால் வசந்தம் வந்துவிட்டதென்று நம்பி, சேர்த்துவைத்த பலத்தையெல்லாம் துளிரில் கொட்டிவிடும். பிறகு குளிர் பட்டால் துளிர் கருகும். இன்னொரு முறை துளிர்க்கப் பலம் இராது. ஹீட்டர் போட்ட அறையில் வைத்து என் முதல் மரத்தைக் கொன்றவள் நான். பழங்களுக்குப் பக்கத்திலும் வைக்காதே, அவை பழுக்கும்போது விடும் காற்று மொட்டுக்கு ஆகாது.

ஒரு படம் மட்டும் போனில் அனுப்பு.

முற்றத்தை ஏன் கூட்டுகிறாய்? உனக்கு முழங்கால் நோவல்லவா? வேண்டாம், விடு.

அன்புடன்,
சிவரூபி

மாங்குளம்
28.01.2024

அன்பின் ரூபிக்கு,

பேரனுக்கு என் கொஞ்சல்கள். படம் அனுப்ப ஆசைதான், ஆனால் போன் கிணற்றடியில் விழுந்து கண்ணாடி வெடித்துவிட்டது. திருத்துகிறவன் கலியாணம் செய்துகொண்டு வட்டக்கச்சிக்குப் போய்விட்டான். பெண் வீட்டுச் சாப்பாடு நல்லதாம், இப்போதைக்குத் திரும்பமாட்டான்.

ஒரு சந்தேகம். எனக்கல்ல. ஸ்கந்தபுரத்தில் ஒருத்தி இதேபோல் ஒரு மேப்பிள் வைத்திருக்கிறாளாம். பொங்கலுக்குச் சனம் கூல் சோடா கேட்டு நெருக்க, இடமில்லாமல் மரத்தைத் தூக்கிக் குசினிக்குள் அடுப்படியில் வைத்தாளாம். அந்த அலைச்சலில் மறந்தேபோனாளாம். பிறகு பார்த்தால் நுனியெல்லாம் சிவப்புத் துளிர். பயந்துபோய் மறுபடியும் குளிருக்குள் தள்ளினாளாம். துளிர் கறுத்துவிட்டது. பாவம், சாப்பாடில்லாமல் இருக்கிறாள். பொய், சாப்பிடுகிறாள், ருசிக்கவில்லை. அவள் என்ன செய்யலாம்?

உன்னுடையது நல்ல நித்திரை. குறட்டைதான் கேட்கவில்லை. பங்குனிக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா?

ஞானேஸ்வரி

ஒஸ்லோ
22.02.2024

அன்பின் ஞானேஸ்,

ஸ்கந்தபுரத்தவளிடம் சொல், பிழை அவளுடையதல்ல. குளிரே இல்லாத ஊருக்கு அந்த மரத்தைக் கொண்டுவந்தவளின் பிழை.

பஸ்ஸடியில் அந்த வார்த்தையைச் சொல்லும்போதே, அது துளிர்க்காது என்றுதான் நினைத்தேன். "மரம் பட்டுப்போச்சு, அதுதான் வரேல்லை" என்று சொல்ல எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. நீ அதைச் சோடாத் தட்டில் வைத்துக் காப்பாற்றுவாய் என்று எண்ணவில்லை.

நான் டிக்கெட் போடவில்லை. வரமாட்டேன், ஞானேஸ்.

வெக்கையோ பாம்போ காரணமில்லை. சந்தையில் யாரைப் பார்த்தாலும், இவர்கள் எல்லாரும் இருந்தார்கள், நான் இருக்கவில்லை என்றே தோன்றும். யுத்தத்தில் நீ பங்கருக்குள் கிடந்த காலத்தில் நான் இங்கே மரக்கிளை கத்தரிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். நீ அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. காட்டியிருந்தால் சண்டை பிடித்துக்கொண்டாவது அங்கே இருந்திருப்பேனோ என்னவோ.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் வெட்கமாயிருக்கிறது.

ரூபி

மாங்குளம்
24.03.2024

அன்பின் ரூபிக்கு,

ஸ்கந்தபுரத்தில் அப்படி ஒருத்தியும் இல்லை. போனும் உடையவில்லை. திருத்துகிறவனுக்கு மட்டும் உண்மையாகவே கலியாணம் நடந்தது.

நீ வரவேண்டுமென்று நான் பொய் சொன்னேன். வராமலிருக்க நீ மரத்தை விட்டுவிட்டுப் போனாய். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சீவன் நித்திரை முழித்தது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத் திட்டினேன், வாய்விட்டுத்தான். சோடா வாங்க வந்தவர்கள் பயந்துபோய், தேத்தண்ணிக்கு வைத்திருந்த பணிஸையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். திட்டி முடிந்ததும் மரத்தின் பட்டையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை. சந்தோசப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. பச்சைதான், ஆனால் இங்கே இன்னொரு வருசம் தாங்காது.

கடைக்கு மரக்கறி கொண்டுவரும் ராஜரத்தினத்தின் அக்கா நுவரெலியாவில் இருக்கிறா. "குடுங்கம்மா, அவங்க வீட்ல வச்சிரலாம். அங்க மரம் என்ன, மனுசனே இழுத்துப் போத்திக்கிட்டுத்தான் தூங்குறான்" என்றார். அவரிடம் கொடுத்துவிட மனம் வரவில்லை. நானே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வீட்டின் பின்பக்கம், பனி இறங்கும் மதிலோரம் வைத்தோம். "துளிர்க்குமோ எண்டு ஒருத்தரும் சுரண்டிப் பார்க்காதையுங்கோ, அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் சொல்லிக் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். வாயால்தான் காட்டவில்லை. நீ வந்திருந்த காலமெல்லாம் உன்னை ஒன்றும் செய்ய விடாமல் உன் வேலைகளையும் சேர்த்து நான் செய்ததும், போனபின் உன் முற்றத்தைக் கூட்டியதும் வேறென்ன? நான் இருந்தவள், நீ போனவள் என்று அந்த விளக்குமாறு உனக்குச் சொல்லியிருக்கும். இனிக் கூட்டமாட்டேன். முழங்காலும் நன்றி சொல்கிறது.

எப்போதாவது மரத்தைப் பார்க்க ஆசை வந்தால் வா. விலாசம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கொழும்பில் இறங்கி நேரே நுவரெலியாவுக்குப் போகலாம்.

மாங்குளம் அந்தப் பாதையில் இல்லை.

ஞானேஸ்வரி