நிமிர்த்தி வைத்த இலக்கத்தகடு

என் சிநேகிதி,

இன்று காலை உன் சிவப்பு மோட்டார் சைக்கிளைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். எல்லாம் சரியென்று சொல்லிவிட்டு, அங்கிருந்த பெண் குனிந்து, இலக்கத்தகட்டில் ஒட்டியிருந்த பழைய பிளக்கெட்டேயை, அந்தப் பரிசோதனை முத்திரையைச் சின்னக் கத்தியால் சுரண்டினாள். அந்த வட்டச் சுட்டி துகள் துகளாக உதிர்ந்தது. புதியதை ஒட்டிப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தாள். வேலை முடிந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். "வேறு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினேன். உனக்கு இந்தச் சுட்டியை ஒட்டித் தரமாட்டேன் என்று ஒரு மனிதர் சொன்ன நாளை நினைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அப்போது உன் கணவர் செத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஹனோவர் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பகுதியில் நாம் இருவரும் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது, லைசென்ஸ் எடுக்கப் பதிந்திருக்கிறேன் என்றாய். கார் என்றுதான் நினைத்தேன்.

"காரில்லையடி. மோட்டச்சைக்கிள்."

"ஐம்பத்தொரு வயசிலை உனக்கென்ன விசரே?"

"ஓம், கொஞ்சம்" என்று சிரித்தாய். பிறகு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னாய்: "இத்தனை வருசமாப் பின்னாலை இருந்து அவரின்ரை முதுகைத்தான் பாத்தனான். றோட்டையும் ஒருக்காப் பாப்பம்."

பாஸ் பண்ணினாய். பழைய வண்டியொன்றை வாங்கினாய். பதிவு அலுவலகத்தில் இலக்கத்தகட்டுக்கு விரும்பிய எழுத்துகளைக் கேட்டு வாங்கலாம் என்றதும் யோசிக்கவே இல்லை. உன் கணவருடைய முதலெழுத்து, பக்கத்தில் உன்னுடையது. வெளியே வந்து தகட்டை மார்போடு அணைத்தபடி பஸ்ஸில் இருந்தாய்.

ஆனால் அந்தத் தகட்டை யாரும் வாசிக்க முடியாதபடிதான் வண்டியில் பூட்டினாய். வண்டியை விற்ற கராஜ்காரன் முந்தியே தகட்டைப் பூட்ட ஒரு குட்டைப் பிடியைப் போட்டிருந்தான். தகடு இருக்கைக்கு அடியில் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும். "ஸ்டைலா இருக்கெல்லோ?" என்பாய். எனக்கு உண்மையான காரணம் தெரியும். கொலோனில் இருந்த உன் அண்ணை. உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர், உன் கலியாணத்தை நடத்தியவர். செத்தவீடு முடிந்ததும், "தனிய இருக்கவேண்டாம். வீட்டைக் குடுத்திட்டு எங்களோடை வா. சனம் கதைக்கும்" என்று சொல்லியிருந்தார். நீயும் ஓம் என்றுவிட்டாய். ஹனோவர்க் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். அந்த இரண்டு எழுத்துகளை ஒருவர் கண்டால் போதும், இரவுக்குள் கொலோனுக்குச் செய்தி போய்விடும். அதனால்தான் உன் வண்டி என் வீட்டுப் பின்வளவில் படங்கு மூடி நின்றது.

அப்படியிருக்கப் பரிசோதனை நாள் வந்தது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் பிரேக், டயர் எல்லாம் பார்த்துவிட்டுப் பின்னால் போய்க் குந்தினார். சாய்வளக்கும் கருவியைத் தகட்டில் வைத்தார். தலையை ஆட்டினார்.

"பின்னால் வருகிறவருக்கு இதில் ஒன்றுமே தெரியாது. தகட்டுக்கு விளக்கும் இல்லை. இப்படியிருந்தால் பிளக்கெட்டே ஒட்ட முடியாது."

நீ வாதாடினாய். உன் ஜெர்மன் கோபத்தில்தான் மிக அழகாக வரும். அவர் எழுந்து, கையைத் துடைத்தபடி, பகிடியாகத்தான் கேட்டார்: "யாருக்குப் பயந்து ஒளிந்து ஓடுகிறீர்கள்?"

"என் அண்ணனுக்கு" என்றாய்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. உன் நரைத்த தலைமயிரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, அம்மா. தகட்டை நிமிர்த்துங்கள். விளக்கைப் போடுங்கள். அந்த விளிம்பு வளைந்திருக்கிறது, அதையும் நேராக்குங்கள். வாருங்கள், நானே ஒட்டித் தருகிறேன்."

திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் கோப்பி குடித்தோம். நீ பாணைப் பிய்த்தாயே தவிர வாயில் வைக்கவில்லை. துகள்களை ஒதுக்கிவிட்டு, "நான் வீட்டைக் குடுக்கேல்லையடி" என்றாய்.

"அண்ணைக்கு என்ன சொல்லப்போறாய்?"

"போனிலை சொல்ல ஏலாது. நேரை போறன். இதிலைதான் போறன். நீயும் வாறாய்."

அடுத்த கிழமை அந்த மீசைக்காரரே ஒட்டினார். அதற்கடுத்த ஞாயிறு நாம் கொலோனுக்குப் புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் லொறி ஒவ்வொன்றும் கடக்கும்போது நான் கூப்பிடாத தெய்வமில்லை. நீ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாய்.

அண்ணை கதவைத் திறந்தார். கையெல்லாம் மஞ்சள் பெயின்ட். உனக்கென்று மேல்மாடி அறையைத் தானே பூசிக்கொண்டிருந்திருக்கிறார், உனக்குப் பிடித்த நிறத்தில். நீ எப்படித்தான் சொன்னாயோ.

"அண்ணை, நான் வரேல்லை. நான் அங்கையே இருக்கிறன். இது என்ரை மோட்டச்சைக்கிள். நானாத்தான் ஓடிக்கொண்டு வந்தனான்."

அவர் படியிறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்னால் போய் நின்றார். தகடு நிமிர்ந்து நின்றது. அவர் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மச்சான்ரை எழுத்தெல்லோ?"

"ஓம் அண்ணை. மற்றது என்ரை."

அண்ணையின் மனைவி, உன் மச்சாள், வாசலில் வந்து நின்று, "உள்ளை வாங்கோ, சோறு ஆறுது" என்றா. அண்ணை தகட்டுக்குக் கிட்ட ஒரு அடி வைத்தார்.

"பின்னாலை லைற் எரியுதோ?"

நீ ஓடிப்போய்த் திறப்பைத் திருப்பினாய். அந்தச் சின்ன விளக்கு எரிந்தது. அவர் குனிந்து உறுதிப்படுத்திக்கொண்டு, "சரி, சாப்பிட வா" என்றார். சாப்பிடும்போது அறையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மச்சாள்தான் என் காதுக்குள், "நல்லதாப் போச்சு, அந்த அறையிலை நான் தையல் மெசினை வைக்கப்போறன்" என்றா.

அதற்குப் பிறகு உனக்கு மூன்று கோடைகள்தான் கிடைத்தன. வடகடல்வரை ஓடினாய். கோயில் திருவிழாவுக்கு நடு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய்; சனம் கதைத்தது, பிறகு கதைக்க வேறு விஷயம் வந்தது. நோய் வந்ததும் வண்டியை என் பெயருக்கு மாற்றினாய். அந்த எழுத்துகளை மாற்றவேண்டாம் என்று மட்டும் கேட்டாய். மாற்றவில்லை. நான் லைசென்ஸ் எடுத்தது போன வருடம்தான், இரண்டு தரம் தவறி மூன்றாம் தரத்தில். சிரிக்காதே. அண்ணை இப்போதும் கிழமைக்கொருதரம் போன் எடுத்து, "சங்கிலிக்கு எண்ணெய் விட்டனீங்களோ, பிள்ளை?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டு உன் கதையைத் தொடங்குவார். இருவரும் நெடுநேரம் கதைப்போம்.

உன் கடைசிக் கிழமையில் ஒரு மத்தியானம். தாதி விரிப்பை மாற்ற வந்தாள். உன்னால் தனியே நிமிர்ந்து இருக்க முடியவில்லை. நான் கட்டிலில் ஏறி உன் பின்னால் இருந்து, இரண்டு கையாலும் உன்னைப் பிடித்துக்கொண்டேன். நீ என் நெஞ்சில் முழுதாகச் சாய்ந்தாய். எலும்பும் தோலும்தான். தாதி முடித்துவிட்டாள். நான் எழும்பப் பார்த்தேன்.

"கொஞ்சம் இரு" என்றாய். "இப்பிடி நல்லாயிருக்கு."

யன்னலில் மழை. நீ அப்படியே நித்திரையாகிவிட்டாய். என் கால் விறைத்தது, நான் அசையவில்லை. அன்று நீ என்மேல் வைத்த அந்தக் கொஞ்சப் பாரம் இன்னும் என் நெஞ்சில் அதே இடத்தில் இருக்கிறது. நான் அதை இறக்கி வைக்கவில்லை.