நீக்கிய வரிகள்

செவ்வாய். விடாத மழை.

களனி ஆறு பேலியகொடைப் பக்கம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை மண்டபத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். வேலை: வெள்ளத்தில் மாட்டிய சர்க்கரை நோயாளர் பட்டியல். தொண்டர் மூன்று பேர் அதே வீடுகளை மாறி மாறிப் பதிந்திருக்கிறார்கள். 214 வரி. இன்சுலின் பெட்டி அவ்வளவு இல்லை.

மருந்து அனுப்பும் ரிஸ்வான்: "ரெண்டு தரம் வந்தத எல்லாம் தூக்குங்க தங்கச்சி. படகு பன்னெண்டுக்குப் போகுது."

வயது ஆளுக்கொன்றாக எழுதியிருக்கிறது. இரண்டாம் பெயர் சிலதில் இல்லை. முதற்பெயர், வீட்டு இலக்கம், தொலைபேசி மட்டும் எடுத்து கணினியில் 'டிஸ்டிங்ட்' போட்டேன்; மூன்றும் ஒத்த வரிகளில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கும் கட்டளை. 131 மிஞ்சியது. பத்து நிமிட வேலை. எனக்கே என்னில் பெருமை.

புதன். தூறல். குடை உடைந்தது. பாண் வாங்க மறந்தேன்.

ரிஸ்வான் பட்டியலோடு வந்து நின்றார். "வீட்டுக்கு ஒரு பாத்திமா தானா இருக்கு?"

"ஓம், ரெண்டாம் தரம் வந்ததை எடுத்திட்டன்."

"எனக்குத் தங்கச்சிமார் மூணு பேர். பாத்திமா ரிஸ்னா, பாத்திமா சஃப்னா, பாத்திமா நுஸ்ரா. எங்கட ஆக்கள்ல முன்பேர் அப்படித்தான் வரும்!"

எங்கள் வீட்டில் நாலு பேருக்கு நாலு பெயர்; ஊருலகமே அப்படியென்று நினைத்த மடைச்சி. நல்லகாலம், மூலப் பட்டியலை அழிக்கவில்லை. இரண்டாம் பெயரையும் சேர்த்து ஓடவிட்டேன். இரட்டித்தாலும் இரட்டிக்கட்டும்.

நாலு வீட்டில் ஆள் குறைத்திருக்கிறேன். மூன்று வீட்டார் ஏற்கெனவே முகாமுக்குப் போய்விட்டார்கள்; அங்கே மருந்து உண்டு. 47ஆம் இலக்கம்: பாத்திமா ஹமீதா, பாத்திமா நயீமா. அக்கா, தங்கை. ஆறு தரம் அழைத்தேன். எடுக்கவில்லை. இன்றைய படகும் போய்விட்டது.

வியாழன். வெயில்.

8.50. எடுத்தார்கள்.

"யாரு மகள்?"

"மருந்து அனுப்பின இடத்தால கதைக்கிறன். ரெண்டு பேருக்கும் மருந்து வந்ததா அம்மா?"

"ஒண்டு தானே வந்திச்சி. தங்கச்சிக்குப் போட்டேன். எனக்குப் பொறகு வரும்தானேண்டு இருந்தேன்." நாக்குக் குழறியது. "தண்ணி தாகம் மகள். எவ்வளவு குடிச்சாலும் அடங்குதில்ல."

சர்க்கரை ஏறிவிட்டது. ரிஸ்வானைக் கத்திக் கூப்பிட்டேன். அவரே உடனே படகில் போனார்.

10.40. ரிஸ்வானின் அழைப்பு. மூத்தவருக்கு நினைவில்லை. மூச்சு இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்களாம்.

"தங்கச்சிக்காரி அழுதுட்டே இருக்கிறா, ஒண்டும் பேசுறா இல்ல. இங்க முழுப் பேர் கேக்கிறாங்க. சொல்லுங்க."

நான் நீக்கிய வரியைத் தேடியெடுத்து வாசித்தேன்: பாத்திமா ஹமீதா.