வடித்துக் கொட்டும் தண்ணீர்

என் கண்ணுக்கு,

"அப்பாவுக்குச் சோத்துல என்னம்மா கலக்கற?" என்று நேற்று போனில் கேட்டாய். அதற்கான பதிலை இதில் எழுதுகிறேன்.

டாக்டர் சொன்னபடி, சிறுநீரகத்துக்கு ஆகாத பொட்டாசியம் குறைய, காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் அப்பாவுக்குச் சமைக்கிறேன். அதைப் பார்த்துவிட்டார். சிறுநீரகம் வெளியேற்றாத கழிவு ரத்தத்தில் தேங்கியிருப்பதால் எதைத் தின்றாலும் அவருக்கு வாயெல்லாம் இரும்பாகக் கசக்கிறது. மூளையையும் அது குழப்புமாம். நான் விஷம் வைக்கிறேன் என்று கொடிக்காலில் வெற்றிலை கிள்ள வருகிறவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார். என்னை நம்பி நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்ததில் டயாலிசிஸ் இரண்டு முறை தவறிவிட்டது.

இன்று மதியம் அவர் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்தேன்.

"பாருங்க, நானே உண்றனுங்க."

சட்டென்று என் கையைத் தட்டிவிட்டார். சோறு தரையெல்லாம் சிதறியது.

"நீ உண்ணாத சாமி! வெசம் என்னோட போவட்டும்" என்று என் விரல்களைத் தன் வேட்டியால் துடைத்தார். ஒரு பருக்கைகூட விடாமல் துடைத்தார்.

அதற்குப் பிறகு அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என்னையும் அடுப்படிக்குள் விடவில்லை. இனி எதைச் சொல்லி அவருக்கு ஊட்டுவேன், கண்ணு?

உன் அம்மா