மெழுக ஆளில்லாத வீடு

செப்டம்பர் 9, திங்கள்

பயறு அடிப்பிடித்துவிட்டது. அறுபத்திரண்டு பெண்பிள்ளைகளும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அகெச் டீச்சர் மட்டும், "யக்கா, இன்னிக்குப் புகை போட்டு சமைச்சீங்களா? நல்லாருக்கே" என்றாள். ஏரிக்கரைக்காரி, மீன் தின்கிறவள். அவள் நாக்குக்கு இது போதும்.

இந்த நோட்டு அவள் கொடுத்தது. சமையல்கட்டுப் பெண்களுக்குச் சாயங்காலம் எழுத்துச் சொல்லித்தருகிறாள். "தினம் ரெண்டு வரி எழுதுங்க நோலாரியக்கா, இல்லாட்டி கை மறந்துடும்" என்கிறாள். நாற்பது வயதில் படித்த கை, மறக்க எவ்வளவு நேரம் ஆகும்!

எதை எழுத? என் கிழவரின் இளையாள் போய் ஏழு மாதம் ஆகிறது. பிரசவத்தில் போனாள், பிள்ளையும் தங்கவில்லை. சக்களத்திக்கு அழுகிறவள் என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அவள் மகள் சியானோய்க்கு வயது பதின்மூன்று. தாய் போன இரண்டாம் மாதமே மூன்று மனைவிக்காரன் ஒருவன் வீட்டிலிருந்து, அவளுக்குப் பரிசமாக, எங்கள் பட்டிக்கு மாடுகள் வந்துவிட்டன. எங்கள் வழக்கப்படி முதலில் பெண்பிள்ளையை அறுக்கிற கத்தி, பிறகு கல்யாணம். நான் பிள்ளையை இழுத்துக்கொண்டு இந்த மிஷனுக்கு வந்துவிட்டேன். மெய்தாமேய் பாஸ்டர் அவளைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார், என்னை அடுப்படியில் வைத்தார். இருவரில் யாருக்கு வீட்டுப்பாடம் அதிகம் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆராதனையில் அகெச் டீச்சர் ஜெபம் பண்ணினாள். பாவம், நல்ல மனசு. "சியானோயின் மறைந்த தாயார்" என்று ஆரம்பித்து அவள் பெயரையே சத்தமாகச் சொல்லிவிட்டாள். பிள்ளைகளின் தலைகளெல்லாம் தோளுக்குள் போய்விட்டன. சியானோய் எழுந்து வெளியே ஓடினாள். நான் மாடு இருமுவதுபோல் இருமினேன்.

பிறகு சொன்னேன். "டீச்சர், போனவங்க பேரை நாங்க சொல்ல மாட்டோம். எடுத்து வச்சிடுவோம்."

"அப்ப நான் எப்படி ஜெபிக்கிறது?"

"ஆண்டவருக்கு எந்தத் தாய்னு தெரியாதா? நீங்க அட்டவணை வாசிச்சாத்தான் தெரியுமா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மன்னிப்புக் கேட்டாள்.

அந்தப் பெயரை நான் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லியிருப்பேன். எல்லாம் திட்டத்தான். கன்றைக் கட்டாமல் விட்டதற்கு, என் சுரைக்குடுக்கையை எடுத்ததற்கு. ஒரே ஒரு தடவை சும்மா கூப்பிட்டிருக்கலாம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

சந்தை நாள். கொழுந்தன் மனைவி நூன்கிஷு பால் விற்க வந்தவள் நேரே அடுப்படிக்கு வந்தாள்.

"உன் புருஷனை நீயே வச்சுக்கடி. ரெண்டு மாசமா என் வீட்டுல கன்னுக்குட்டிங்க பக்கத்துல படுக்கிறாரு. அவர் குறட்டைக்குப் பயந்து கன்னு எல்லாம் மூலைக்குப் போயிடுச்சு."

நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எங்கள் ஆண்களுக்கு மாடு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். வீடு மட்டும் பெண்டாட்டி கட்டி, பெண்டாட்டி சாணம் மெழுகினால்தான் உண்டு. ஒருத்தி செத்துப்போனாள், ஒருத்தி மிஷனுக்கு ஓடிப்போனாள். என் கிழவர் ஒலே குயோனிக்கு நாற்பது மாடு, தலைமேல் கூரை இல்லை!

"என் வீடு?"

"மெழுகாம வெடிச்சுக் கிடக்கு. முதல் மழையிலயே ஒழுகிடுச்சு."

"அவ வீடு?"

நூன்கிஷு பால் பாத்திரத்தைத் துடைத்தாள். "விழுந்துடுச்சு."

அந்தச் சுவரில் பாதி என் கை. அவள் கல்யாணமாகி வந்த வருஷம், சாணம் கலக்கத் தெரியாமல் தண்ணீரை ஊற்றிக் கஞ்சியாக்கி வைத்திருந்தாள். நான்தானே சொல்லிக்கொடுத்தேன். ஏன்டி, சுவர் விழுற வரைக்குமாவது இருந்திருக்கக் கூடாதா நீ —

அக்டோபர் 5, சனி

நவம்பர் 2-ல் தகப்பன்மார் கூட்டம் என்று பாஸ்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். தகப்பன் வந்து, பெரியவர்கள் முன்னால் பிள்ளையின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, கத்தியும் இல்லை, கல்யாணமும் இல்லை, படிக்கட்டும் என்று சொன்னால், அவள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகலாம். வராதவர்களின் பிள்ளைகள் இங்கேயே இருக்க வேண்டும்.

சியானோய் சோளம் உரித்துக்கொண்டே கேட்டாள். "பெரியம்மா, அப்பா வருவாரா?"

"வராட்டி என்ன? இங்க கட்டில் இருக்கு, களி இருக்கு, அகெச் டீச்சரோட கணக்கு இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "அப்பா கை வைக்காத பிள்ளைன்னு சொல்லுவாங்க."

உரித்த கதிரையே திரும்பவும் உரித்தாள். தாய்க்குக்கூட இந்தப் பிள்ளை இன்னும் சரியாக அழவில்லை.

அக்டோபர் 16, புதன்

கிழவர் வந்தார்! வேலிக்கு வெளியே, முள்மரத்தடியில், கோலை ஊன்றி நின்றார். உள்ளே வர மாட்டாராம். மகளைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டார். போர்வையெல்லாம் கன்றுக்குட்டி வாசம்.

"வீடு ஒழுகுது" என்றார்.

"எந்த வீடு? ஆம்பளைக்கு ஏது வீடு?"

"நோலாரி. விளையாடாதே."

"நாப்பது மாடு இருக்கே. நல்ல அகலமான ஒண்ணாப் பார்த்து அதுக்கடியில படுத்துக்குங்க."

தாடை ஆடியது. கோபமா, சிரிப்பா? இருபத்திரண்டு வருஷமாகியும் எனக்கு அது பிடிபடவில்லை.

"வந்து மெழுகிக் குடு. மழை இறங்கிடுச்சு."

"ரெண்டாம் தேதி வாங்க. எல்லார் முன்னாலயும் பிள்ளை தலையில கை வையுங்க. அவளுக்காக வந்த மாட்டைத் திருப்பி ஓட்டுங்க. அப்புறம் மெழுகுறேன்."

"வாங்கின மாட்டைத் திருப்பினா என்னை ஆம்பளைன்னு எவன் மதிப்பான்?"

"கன்னுக்குட்டியோட படுக்கிறவரை இப்ப ரொம்ப மதிக்கிறாங்களாக்கும்."

வாயை மூடியிருக்கலாம். நான் கொண்டுபோன டீயைத் தொடாமல் திரும்பி நடந்தார். ஆறிப்போன டம்ளரை நானே குடித்தேன்.

வெறுத்துப்போய் அவர் வராமலே இருந்துவிட்டால்? சாபம் போட்டுவிட்டால்? பிள்ளைக்கு ஒரு கை வாங்கித் தர வந்தவள், என் வாய்க்கு அவளைப் பலி கொடுத்துட்டேனோ. நோலாரி, உனக்கு அறிவே இல்லடி.

அக்டோபர் 17, வியாழன்

இரண்டு தடவை உப்புப் போட்டேன். புதுச் சமையலா என்று டீச்சர் கேட்கவில்லை.

நவம்பர் 2, சனி

காலையிலிருந்து மழை. ஓடிவந்த பிள்ளைகளின் இருபது தகப்பன்களில் பதினொரு பேர் வந்தார்கள். நாற்காலி போட்டிருந்தும் பாதிப்பேர் தரையில்தான் உட்கார்ந்தார்கள். பாஸ்டரின் பிரசங்கம் நீளம். ஆதாம் காலத்திலிருந்து ஆரம்பித்தார். எனக்கு அது நல்லதாகப் போயிற்று, கிழவர் வர நேரம் கிடைக்கட்டும் என்று.

ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார்கள். தலை குனிவார்கள், கை வைப்பார்கள், பெண்கள் குலவை போடுவோம். சியானோய் சுவரோரம் நின்றாள். ஒவ்வொரு குலவைக்கும் அவள் கொஞ்சம் குட்டையானாள்.

பதினொன்றும் முடிந்தது. சாப்பாடு. நான் களியைப் பரிமாறினேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடைசித் தட்டைக் கழுவும்போது வாசலில் பேச்சு. முழங்கால்வரை சேறு, போர்வை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒலே குயோனிதான்.

"கூட்டம் முடிஞ்சிடுச்சே" என்றார் பாஸ்டர்.

"மாடு வேகமா நடக்காது" என்றார் கிழவர். "திருப்பி ஓட்டிட்டு வர்றேன். மூணு நாளாச்சு. அவன் வாய்க்கு வந்தபடி பேசினான். நான் நின்னு கேட்டேன்."

எழுந்து போகவிருந்த தகப்பன்கள் திரும்ப உட்கார்ந்தார்கள்.

சியானோய் நடந்து வந்து குனிந்தாள். அவர் கை பாதியில் நின்றது. அவர் போர்வையின் காய்ந்த முனையைத் தேடிக் கையைத் துடைத்தார். அப்புறம் வைத்தார், வைத்த கையை வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"கத்தி இல்ல. கல்யாணம் இல்ல. படிக்கட்டும்."

"எந்த வகுப்பு வரைக்கும் ஐயா?" அகெச் டீச்சருக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும்.

"எத்தனை இருக்கோ அத்தனையும்."

குலவையை மறந்து நான் கழுவின தட்டோடு நின்றுவிட்டேன். மற்றவர்கள் போட்டார்கள். சியானோய் அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று அழுதாள். ஒன்பது மாதத்து அழுகை. கிழவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"எப்ப மெழுக வர்றே?"

இந்த மனிதரை என்ன செய்ய!

டிசம்பர் 11, புதன்

பட்டியில். என் வீட்டை மெழுகி முடித்து ஒரு வாரமாகிறது. நேற்று முதல், தாயின் வீடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில், சியானோய் தனக்கென்று ஒன்று கட்டுகிறாள். கம்பு நட்டாள், வளைத்தாள். சாணத்தில் தண்ணீரை ஊற்றிக் கஞ்சியாக்கிவிட்டாள். அப்படியே தாய். திட்ட வாயெடுத்தேன், சிரிப்புத்தான் வந்தது. "உங்கம்மாவும் இப்படித்தான்" என்றேன். பெயர் சொல்லவில்லை. "அம்மா அப்புறம் என்ன பண்ணாங்க?" என்று கேட்டுக்கொண்டே மெழுகினாள்.

ஜனவரி 4, சனி

பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற நாள். பிள்ளைக்குப் பள்ளி, எனக்கு அடுப்படி. "ஏப்ரல்ல வந்து மெழுகணும்" என்று கிழவர் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் நான் காது கேட்காதவள்.

சியானோயின் தகரப்பெட்டியை நான் தூக்கப் போனேன். அவர் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் பெரியவர் தலையில் சுமையை எவன் பார்த்திருக்கிறான்? ரோடுவரை சிரிப்புத்தான். நூன்கிஷு குனிந்து குனிந்து சிரித்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை, கழுத்து மட்டும் விறைப்பு.

வண்டியில் ஏறினோம். அவர் முன்பக்கம் போய்க் கோலால் டிரைவர் கதவைத் தட்டினார்.

"மெதுவா ஓட்டு. உள்ள படிக்கிற பிள்ளை இருக்கு."

நானும் உள்ளேதான் இருந்தேன். அதை அவர் சொல்லவில்லை.